ரயில்வே கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

கச்சால் தீவு, நிகோபார்
4 ஆகஸ்ட் 2024

பாசமுள்ள தங்கச்சி எழிலுக்கு,

ஜெய்பீம். அண்ணன் அசோகன் எழுதுறது. நான் இங்க சொகமா கீறேன். நீயும் மச்சான் பகலவனும் திருவொத்தியூர்ல எப்பிடி கீறீங்க? பொளியந்தோப்புல நைனா வேளாவேளைக்கு மாத்திர போட்டுகினு கீறாரா?

போன் பண்ணலன்னு கோச்சுக்காத. இங்க ஒரே ஒரு டவர். அதுவும் மழ வந்தா படுத்துக்கும். போன மாசம் நைனாவாண்ட பேசும்போது “எழிலு முழுவாம கீது”ன்னு சொன்னது மட்டும் தெளிவா காதுல வுழுந்துச்சு. அப்பால லைன் பூட்ச்சு. நான் கப்பல் நிக்கிற ஜெட்டியிலயே நின்னுகினு தனியா சிரிச்சேன். பக்கத்துல வலை காயப்போட்ட ஆளு என்ன ஒரு மாதிரியா பாத்தான்.

பவர் ஹவுஸ்ல எனக்கு டீசல் ஜெனரேட்டர் பாக்குற வேல. டூட்டில கீற வரைக்கும் அந்த சத்தம் தொணைக்கு கீது. ரூமுக்கு வந்தா ஒன்னியும் இல்ல. இங்க எல்லாரும் நல்லவங்கதான், ஆனா அவங்க தீவு பாஷ எனக்கு வராது. நம்ம ஊரு பேச்ச மொகம் பாத்துப் பேசி மூணு மாசமாச்சு. அதான் சொம்மா பேசுற மாதிரி எழுதுறேன்.

எங்க சூப்பர்வைசரு “உன் தங்கச்சி இன்னா வேல பாக்குது”ன்னாரு. பிளானிங் இஞ்சினியர்னு சொன்னேன். “அப்பிடின்னா?”ன்னாரு. எனக்குத் தெரியல. மெய்யாலும் நீ இன்னா வேல செய்ற? எழுது. கப்பல்ல வர்றதால லேட்டாவும், ஆனா வந்து சேரும்.

ஒடம்ப பாத்துக்க. நேரத்துக்குத் துன்னு.

உன் அண்ணன்,
அசோகன்


திருவொற்றியூர்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெய்பீம். உன் கடிதம் கிடைச்சது. நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நைனாவுக்கு சர்க்கரை குறைஞ்சிருக்கு. உன் மச்சான் துறைமுகத்துல கிரேன் ஓட்டப் போனவரு இன்னும் வரல. எனக்கு வாந்தி நின்னுபோச்சு. இப்ப எந்நேரமும் பசிக்குது. சைட்டுக்கு எதிர்ல ஒரு ஆயா சுடுற வடையில பாதி எனக்குத்தான்.

என் வேலையைக் கேட்டே. சொல்றேன். ஏப்ரல் பதினாலுக்கு நம்ம குடியிருப்புல விழா எடுப்போமே, அதை நெனச்சுக்கோ. போலீஸ் ஸ்டேஷன்ல பர்மிஷன் வாங்கணும், மேடை போடணும், மைக் செட் கட்டணும், சமைக்கணும். முதல்ல பெரிய வேலையை இப்படிச் சின்னச் சின்னதா பிரிக்கணும். அப்புறம் எதுக்கு எத்தனை நாள், யார் செய்வா, எது முடிஞ்சாத்தான் எதை ஆரம்பிக்கலாம்னு பாக்கணும். பர்மிஷன் இல்லாம மேடை இல்ல, மேடை இல்லாம மைக் இல்ல. அந்தச் சங்கிலியில எது ஒருநாள் தள்ளினாலும் விழாவே தள்ளிப்போகும். அதைத்தான் நாங்க கிரிட்டிகல் பாத்னு சொல்றோம். என் சார்ட்ல சிவப்பா இருக்கும். சமையல் அப்படி இல்ல. கொஞ்சம் லேட்டா அடுப்பு பத்தவச்சாலும் பந்தி நேரத்துக்கு வந்துடும். அந்தக் கொஞ்சத்துக்கு ஃப்ளோட்னு பேரு. எந்த வேலைக்கு எவ்வளவு ஃப்ளோட் இருக்குன்னு தெரிஞ்சவதான் பிளானிங் இஞ்சினியர். உங்க சூப்பர்வைசர்கிட்ட இப்படியே சொல்லு.

இங்க நாங்க கட்டுறது ரயில்வே கேட்டுக்கு மேல ஒரு பாலம். ஸ்கூல் பசங்க, ஷேர் ஆட்டோ, கன்டெய்னர் லாரி எல்லாம் அந்தக் கேட்டுல நிக்கிறதை நீயே பாத்திருக்கே. ரெண்டு பக்கமும் தூண் எழும்பிடுச்சு. நடுவுல தண்டவாளத்துக்கு மேல இரும்பு கர்டரைத் தூக்கி வைக்கிறதுதான் பெரிய வேலை. அதுக்கு ரயில்வே ஒருநாள் சில மணி நேரம் ரயிலை எல்லாம் நிறுத்திக் கொடுப்பாங்க. பிளாக்னு சொல்வோம். அந்தத் தேதியை விட்டா அடுத்தது எப்பன்னு யாருக்கும் தெரியாது.

ஒண்ணு சொன்னா சிரிப்பே. அந்தச் சார்ட்ல என்னையும் ஒரு வரியா போட்டிருக்கேன். ‘எழில்மொழி, பேறுகால விடுப்பு, டிசம்பர் முதல்.’ நான் இல்லாதப்ப பாத்துக்க ரேகான்னு ஒரு பொண்ணுக்கு இப்பவே சொல்லிக்கொடுக்கிறேன். எங்க மேனேஜர் செல்வநாதன் சார் அதைப் பாத்துட்டு, “இதுக்கு ஃப்ளோட் எவ்வளவும்மா?”ன்னு கேட்டாரு. “அது உள்ள இருக்கிறவங்க இஷ்டம் சார்”னேன். ஆபீசே சிரிச்சுது.

டிசம்பர் கடைசியில தேதி கொடுத்திருக்காங்க. உனக்கு எப்ப லீவு கிடைக்கும்? நிறைய எழுது அண்ணா. இவரு ஷிஃப்டுக்குப் போனா எனக்கும் வீட்ல பேச ஆள் இல்ல.

உன் தங்கை,
எழில்மொழி


கச்சால்
6 அக்டோபர் 2024

பாசமுள்ள எழிலுக்கு,

ஜெய்பீம். நான் சொகம். உன் ஒடம்பும் உள்ள கீற ஒடம்பும் சொகமா?

உன் லெட்டர சூப்பர்வைசருக்குப் படிச்சு, இந்தில சொல்லிக் காட்டுனேன். பர்மிஷன் கதைய கேட்டு ரொம்ப சிரிச்சாரு. இப்ப ரெண்டாம் நம்பர் ஜெனரேட்டரப் பிரிச்சு ஓவராலிங் பண்ணணும். “உன் தங்கச்சி மாதிரி ஒரு சார்ட் போடு”ன்னாரு. போட்டேன். ஒரு சாமான் போர்ட் பிளேர்லேர்ந்து கப்பல்ல வரணும். நம்ம செவப்புக் கோடு பூரா அந்தக் கப்பல்லதான் கீது.

எனக்கு டிசம்பர்ல லீவு கெடைக்கிறது கஷ்டம். மாத்து ஆளு வரணும். ஆனா பொறந்தவொடனே சேதி அனுப்பிடு. நைனா போஸ்டாபீஸ்ல தந்தி அடிக்கலாம்னு கீறாரு. அத்த மூடி எத்தினி வருஷமாச்சுன்னு சொல்லு அவராண்ட.

பொண்ணா இருந்தா ரமாபாய்னு வைங்க. பையனா இருந்தா மச்சான் இஷ்டம். நான் பொண்ணுன்னுதான் நெனச்சுகினு கீறேன்.

ரூம்ல தனியா குந்திகினு கீற நேரத்துல, நம்ம வூட்டுல ஒரு கொழந்த வந்தா எப்பிடி இருக்கும்னு யோசிச்சுப் பாத்துகினே இருப்பேன். பொழுது போவுது.

சீக்கிரம் பதில் போடு.

அசோகன்


திருவொற்றியூர்
24 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெய்பீம். நலம். உன் நலம் எழுது.

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாச்சு. உடனே எழுத முடியல. இங்க மழை. அஸ்திவாரக் குழியில தண்ணி நின்னு, இறைச்சு இறைச்சு பம்பே ரிப்பேராயிடுச்சு.

ரயில்வே பிளாக் கொடுத்துட்டாங்க. பிப்ரவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, காலையில. அதுக்குள்ள தூண் மேல, கர்டரைத் தாங்குற பேரிங் உக்காரணும், எண்ணூர் யார்டுல கர்டரை எல்லாம் போல்ட் போட்டு முடுக்கி வைக்கணும், கிரேன் நிக்கத் தரையைக் கெட்டிப்படுத்தணும்.

போன தடவை ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. முதல்ல எல்லாரும் ஒத்துக்கிட்ட ஷெட்யூலை பேஸ்லைன்னு பூட்டி வச்சிடுவோம். அப்புறம் அதை யாரும் தொட முடியாது. நிஜத்துல நடக்கிறது அதுக்குக் கீழ இன்னொரு பட்டையா ஓடும். ரெண்டையும் வச்சுப் பாத்தா எங்க பிசகுச்சுன்னு தெரியும். ஏன் பிசகுச்சுன்னு சில நேரம் தெரியாது.

பிப்ரவரிக்கு நானே சைட்ல இருப்பேன். லீவு தேவைப்படல. ரேகாவை யார்டு வேலைக்கு மாத்திட்டேன்.

இவரு நல்லா இருக்காரு. இப்பல்லாம் டபுள் ஷிஃப்ட் பாக்குறாரு. அவரு வர்ற நேரம் நான் கிளம்பிடுவேன். நைனா நல்லா இருக்காரு.

நீ குடையில்லாம வெளிய போகாதே. அங்கயும் மழைன்னு பேப்பர்ல பாத்தேன்.

எழில்மொழி


கச்சால்
15 டிசம்பர் 2024

பாசமுள்ள எழிலுக்கு,

ஜெய்பீம். சொகம். உன் லெட்டரு ரொம்பச் சின்னதா கீது. வேல ஜாஸ்தின்னு புரியுது.

ஆனா எனக்கு ஒன்னு புரியல. டேட் இந்த மாசக் கடைசி. பிப்ரவரியில கைக்கொழந்தய வச்சிகினு சைட்ல நிப்பேன்றியா? லீவு வோணாம்னு யாரு சொன்னது, அந்த செல்வநாதனா? மச்சானாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அம்மா இல்லாத வூடுன்னு இப்பிடி வுட்டுட முடியாது. நைனா வூட்டுக்குப் போய்க் குந்து. பக்கத்து வூட்டு அக்காங்க பாத்துப்பாங்க. பாலம் ஒரு மாசம் லேட்டா வந்தா இன்னா, இத்தினி வருஷம் கேட்டுல நின்ன ஜனம்தான.

இங்கேர்ந்து ஒரு ஆஸ்பத்திரி நர்ஸம்மா, ஷரீஃபுன்னிசான்னு, மெட்ராஸுக்கு ட்ரெயினிங் வர்றாங்க. அவங்க கைல ரெண்டு பாட்டில் தேங்கா எண்ண குட்த்து அனுப்புறேன். இந்தத் தீவுல காய்ச்சாம எடுக்குற எண்ண. கொழந்தைக்குத் தேய்ச்சுக் குளிப்பாட்டுறதுக்கு இத்த வுட ஒசத்தி இல்லன்னாங்க. நைனா அட்ரஸ்தான் குட்த்திருக்கேன்.

நீ இந்த லெட்டரப் படிக்கும்போது ரெண்டு பேரா இருப்ப. ஒடனே எழுது. ஒரு வரி போதும்.

அசோகன்


திருவொற்றியூர்
5 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெய்பீம். இங்க எல்லாரும் நலம். எண்ணெய் வந்து சேர்ந்துச்சு. நைனா அலமாரியில வச்சிருக்காரு. அந்தம்மா உக்காந்து டீ குடிச்சிட்டு, நீ ரொம்ப மெலிஞ்சுபோயிட்டேன்னு சொன்னாங்களாம். சாப்பாட்டை ஒழுங்காப் பாரு.

இங்க ஒரு சிக்கல் வந்துச்சு. அதை எழுதுறேன்.

கிரேன் நிக்க வேண்டிய இடம் கேட்டுக்குக் கிழக்குப் பக்கம். அங்க கோவிந்தம்மான்னு ஒருத்தங்க கருவாட்டுக் கடை வச்சிருக்காங்க. கடைக்குப் பின்னாலயே வீடு. மாற்று இடம் கொடுத்தாச்சு. டிசம்பருக்குள்ள காலி பண்றேன்னு கையெழுத்தும் போட்டாச்சு. என் சார்ட்ல அது ஒரே ஒரு வரி. ‘இடம் காலி செய்தல்.’ ஆனா காலி பண்ணல. செல்வநாதன் சார் என்னைப் போய்ப் பேசச் சொன்னாரு. “நீ பொம்பள, சொன்னா கேப்பாங்க”ன்னாரு.

போனேன். கோவிந்தம்மா வாசல்ல குந்தி நெத்திலியப் பொறுக்கிகினு இருந்தாங்க. “மேடம், போவ மாட்டேன்னு சொல்லல. உள்ள வந்து பாரு, அப்பால நீயே சொல்லு”ன்னாங்க. உள்ள இருட்டு. அவங்க மக படுத்திருந்துச்சு. பக்கத்துல பழம்புடவையில சுத்தி ஒரு குழந்தை. பொறந்து அஞ்சாறு நாள்தான் இருக்கும். “பச்சப்புள்ளய தூக்கிகினு பூச்சு காயாத வூட்டுக்கு எங்க போவ? ஒரு மாசம் குடு. அப்பால நானே சாமான எட்த்துக்குறேன்.”

அந்தப் பொண்ணு என்னைப் பாத்து, “தூக்கிப் பாருங்க மேடம்”னுச்சு. கை கழுவலன்னு சொல்லிட்டேன்.

வெளிய வந்து, சரி, ஒரு மாசம் இருங்கன்னு சொல்லிட்டேன். யாரையும் கேக்கல.

செல்வநாதன் சார் கத்தினாரு. “ஒரு கருவாட்டுக் கடைக்காக பிளாக்கை விடச் சொல்றியா? உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?” அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை போனா பாலம் அடுத்த வருஷம்தான். நாளைக்குள்ள வேற வழி கொண்டுவரேன்னு டைம் கேட்டேன். மேற்குப் பக்கம் கிரேன் நிக்க இடம் இருக்கு, ஆனா மேல கரன்ட் லைன் போகுது. அதை மாத்த ஆள் பிடிக்கணும். பேரிங் வேலை முடிஞ்சதும் தரை வேலைன்னு வச்சிருந்தேன். ஒண்ணு பின்னால ஒண்ணுன்னு இருந்ததைப் பக்கத்துப் பக்கத்துல ஓடவிட்டேன். ஆள் ரெண்டு மடங்கு. லைன் மாத்துறவங்க ஆபீஸ்ல போய் உக்காந்து தேதி வாங்கினேன். எல்லாம் போட்டுப் பாத்தா பதினாறாம் தேதிக்குச் சரியா வந்து நிக்குது. ஆனா எதுக்கும் ஃப்ளோட் இல்ல அண்ணா. சார்ட் பூரா சிவப்பு. செல்வநாதன் சார் ரொம்ப நேரம் பாத்தாரு. “தப்பினா உன் பேர்தான் இருக்கும்”னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டாரு.

அதனால தினமும் சைட்டுதான். வீட்ல இவருக்கும் எனக்கும் ஒரே சாவி போதும் போல, ஒருத்தர் பூட்டினா இன்னொருத்தர் திறக்கிறோம். ஞாயித்துக்கிழமை கூட ஆபீஸ்க்கு வந்துடுறேன். ரயில் போறப்ப டேபிள் ஆடும். அது ஒரு சத்தம்.

எழுத வேற ஒண்ணும் இல்ல.

எழில்மொழி


புளியந்தோப்பு
12 ஜனவரி 2025

அன்பு மகன் அசோகனுக்கு அப்பா நீலமேகம் எழுதுவது.

ஜெய்பீம். நான் நலமாக இருக்கிறேன். நீ நலமாக இருக்க விரும்புகிறேன்.

நீ எழிலுக்கு எழுதிய கடிதங்களில் குழந்தையைப் பற்றிக் கேட்டிருப்பாய். அவள் பதில் எழுதியிருக்க மாட்டாள். நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். எண்ணெய் பாட்டில் வந்த பிறகு காத்திருப்பது சரியில்லை என்று தோன்றியது.

அக்டோபர் மாதக் கடைசியில் ஒருநாள் குழந்தை அசையவில்லை என்று எழில் சொன்னாள். மாப்பிள்ளை உடனே ஆட்டோவில் அழைத்துப்போனார். துடிப்பு நின்றுவிட்டது என்றார்கள். யார் மேலும் குற்றம் இல்லை, சிலருக்கு இப்படி ஆகும் என்று டாக்டரம்மா என்னிடம் பொறுமையாக விளக்கினார்கள். மறுநாள் பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. எழில் மயக்கத்தில் இருந்தாள். அவள் கண் விழிக்கும் முன்னால் நானும் மாப்பிள்ளையும் மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அவள் பார்த்தால் தாங்க மாட்டாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் சரி என்றேன்.

அன்று முதல் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கே வைத்தோம் என்றுகூடக் கேட்கவில்லை. மாப்பிள்ளையும் பேசுவதில்லை. நான் போனால் இருவரும் என்னிடம் பேசுகிறார்கள். அவர்களுக்குள் பேசிக்கொள்வது என் காதில் விழுவதில்லை.

நான் எழுதியதாக அவளிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம். எண்ணெயை அவள் பார்த்தாள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடிவைத்தாள்.

உடம்பைக் கவனித்துக்கொள். முடிந்தால் ஒருமுறை வந்து போ.

அப்பா
நீலமேகம்


கச்சால்
2 பிப்ரவரி 2025

பாசமுள்ள எழிலுக்கு,

ஜெய்பீம். நான் நல்லா கீறேன். நீ நல்லா கீறியா?

கோவிந்தம்மா கதைய ரெண்டு மூணு வாட்டி படிச்சேன். நீ செஞ்சது சரி. அந்த செல்வநாதன் இன்னா சொன்னாலும் சரி.

இங்க ரெண்டாம் நம்பர் ஜெனரேட்டரு பிரிச்சது பிரிச்சபடி கீது. கப்பல்ல வந்த சாமான் வேற சைஸு. திருப்பி அனுப்பிட்டு அடுத்த கப்பலுக்குக் காத்துகினு கீறோம். டூட்டி முடிஞ்சாலும் நான் ரூமுக்குப் போறதில்ல. பிரிச்சுப்போட்ட எஞ்சின் பக்கத்துல ஸ்டூல் போட்டுக் குந்திகினு, ஒவ்வொரு பாகத்தையும் தொடச்சு எண்ண போட்டு, துணில சுத்தி வைக்கிறேன். மழ ஈரத்துல துரு புடிக்காம இருக்கணும்ல. செய்றதுக்கு வேற ஒன்னியும் இல்ல. ஆனா வுட்டுட்டுப் போவவும் மனசு வரல.

பதினாறாந்தேதி இன்னா இன்னா நடக்கும்? கர்டரு எப்பிடி தூக்குவீங்க? காத்து அடிச்சா? எல்லாத்தையும் எழுது. அன்னிக்குக் காலைல நான் இங்க குந்திகினு, இப்ப அங்க ரயில நிறுத்தியிருப்பாங்கன்னு நெனச்சுகினு இருப்பேன்.

மாத்து ஆளு கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். ஏப்ரல்ல வரலாம்னாங்க. வந்தா மொத கப்பல்ல கெளம்பிடுவேன்.

எழிலு, நீ எத்தப் பத்தி எழுதினாலும் படிக்க நான் கீறேன். பாலத்தப் பத்தி மட்டும் எழுதினாலும் சரி. வெறுங்காயிதத்த மடிச்சு அனுப்பினாலும் சரி.

மச்சானையும் கேட்டதா சொல்லு.

அண்ணன்


திருவொற்றியூர்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெய்பீம். உன் கடிதத்துல நீ அதைப் பத்தி ஒண்ணும் கேக்கல. அப்பவே நைனா எழுதிட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு. அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. நான் எழுத உக்காந்த ஒவ்வொரு தடவையும் பேனா ரயில்வே கேட்டு, கிரேன், மழைன்னுதான் போச்சு. அதுக்கெல்லாம் தேதி இருந்துச்சு. எப்ப ஆரம்பிக்கும், எப்ப முடியும்னு சொல்ல முடிஞ்சுது.

முதல்ல பாலத்தைச் சொல்லிடுறேன். கேட்டியே.

பதினாறாம் தேதி காலையில கேட்டுக்கு ரெண்டு பக்கமும் ஜனம். கோவிந்தம்மாகூட கடையைச் சாத்திட்டு வந்து நின்னாங்க. கடைசி லோக்கல் போனதும் ரயில்வேக்காரங்க கொடி காட்டினாங்க, மேல போற கரன்டை நிறுத்தினாங்க. முதல் கர்டர் ஏறி, பேரிங் மேல அலுங்காம உக்காந்துச்சு. ரெண்டாவதைக் கொக்கியில மாட்டினப்பதான் கடல் காத்து எழும்பிச்சு. கர்டர் அந்தரத்துல கொஞ்சம் சுத்தப் பாத்துச்சு. இறக்கச் சொல்லிட்டாங்க. அவ்வளவு பெரிய இரும்பு தரையில கிடக்குது, நாங்க எல்லாரும் காத்து தெரியக் கம்பத்துல கட்டின துணியைப் பாத்துகினு நிக்கிறோம். பிளாக் நேரம் ஓடுது. முன்ன மாதிரி கொஞ்சம் ஃப்ளோட் வச்சிருந்தா முதல் நாளே கயிறு, ஆள் எல்லாம் சரிபாத்து இன்னும் சீக்கிரம் தூக்கியிருக்கலாம். அதைத் தின்னது நான்தான். தப்பினா என் பேர்தான்னு செல்வநாதன் சார் சொன்னாரே, அதுதான் காதுல ஓடிகினு இருந்துச்சு.

அப்ப திரும்பிப் பாத்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம், ஜனத்துக்கு நடுவுல, பைக் மேல சாஞ்சு இவரு நின்னுகினு இருந்தாரு. வரேன்னு சொல்லல. டூட்டி முடிச்ச சட்டையோட அப்படியே வந்திருக்காரு. நான் பாக்குறேன்னு தெரிஞ்சதும் கையைத் தூக்கல, சிரிக்கல. சும்மா நின்னாரு. எனக்கு அது போதுமா இருந்துச்சு.

துணி தொங்கிப்போச்சு. காத்து நின்ன அந்தக் கொஞ்ச நேரத்துல ரெண்டாவதும் ஏறிடுச்சு. ரயில்வேக்காரங்க வாட்சைப் பாத்துகினே கையெழுத்துப் போட்டாங்க. அதுக்கப்புறம் வந்த முதல் ரயில் நம்ம கர்டருக்குக் கீழ போச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. செல்வநாதன் சார் என் கிட்ட வந்து, “வீட்டுக்குப் போம்மா. ஒரு வாரம் வராதே”ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

வெளிய வந்தேன். இவரு “சாப்ட்டியா?”ன்னாரு. இல்லன்னேன். பக்கத்துக் கடையில இட்லி சாப்பிட்டோம். காசு கொடுத்துட்டு வந்து வண்டியை எடுக்காம நின்னாரு. “ஒரு இடத்துக்குப் போலாமா? உனக்கு முடியும்னா.”

எங்கன்னு நான் கேக்கல அண்ணா. ஏறி உக்காந்தேன். தண்டையார்பேட்டை தாண்டி மூலக்கொத்தளத்துக்குள்ள வண்டி திரும்பும்போது அவரு சட்டையைப் பிடிச்சுக்கிட்டேன்.

மதில் ஓரமா ஒரு பூவரச மரம். அதுக்குக் கீழ சின்னதா மண் மேடு, சுத்தி ஒரே அளவுக் கல்லா பொறுக்கி வச்சிருக்கு. மண்ணு ஈரமா இருந்துச்சு. மழை பேஞ்சு ரொம்ப நாளாச்சே, யாரு தண்ணி ஊத்தினாங்கன்னு கேட்டேன். “நான்தான்”னாரு. அங்க வேலை செய்ற பெரியவர் அவரைப் பாத்து, “இன்னா தம்பி, இன்னிக்குப் பகல்ல வந்துட்ட?”ன்னாரு. டபுள் ஷிஃப்ட், டபுள் ஷிஃப்ட்னு நான் நெனச்சுகினு இருந்தேனே, அதுல பாதி நாள் ஷிஃப்ட் முடிஞ்சு இங்க வந்து உக்காந்திருந்திருக்காரு. “வீட்டுக்கு வந்தா உன் முகத்தைப் பாக்கணும். நீ கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல”ன்னாரு. நான் கேக்காம இருந்ததும் அதுக்குத்தான். கேட்டா அவர் உடைஞ்சுடுவாரோன்னு.

ரெண்டு பேரும் மண்ணுலயே உக்காந்தோம். அடக்கம் பண்றப்ப நைனா ‘புத்தம் சரணம்’னு திரிசரணம் சொன்னாருன்னு இவரு சொன்னாரு. என் மஞ்சள் துப்பட்டாவுலதான் சுத்தினாராம். அது காணோம்னு நான் வீடு பூரா தேடியிருக்கேன்.

அப்புறம் நான் கேட்டேன், அவ எப்படி இருந்தான்னு. எனக்குக் காட்டலையே யாரும். மண்ணைப் பாத்துகினே சொன்னாரு. தலை நிறைய முடியாம். மூக்கு என்னை மாதிரியாம். வலது கை மட்டும் மூடியிருந்துச்சாம், விரலைப் பிரிக்க அவருக்கு மனசு வரலையாம். மறுபடியும் சொல்லச் சொன்னேன். சொன்னாரு. அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் எத்தனை தடவை கேட்டேன்னு தெரியல, கேக்கக் கேக்கச் சொல்லிகினே இருந்தாரு.

இந்த வாரம் வீட்ல இருக்கேன். இவரும் லீவு போட்டிருக்காரு. நைனா நேத்து வந்து எங்களோட சாப்பிட்டாரு. நீ ஏப்ரல்ல வா. வர முடியலைன்னா எழுது. எழுதும்போது, பழையபடி அவளைப் பத்திக் கேளு அண்ணா. இப்ப என்னால சொல்ல முடியும்.

உன் தங்கை,
எழில்மொழி